நாணயத்தின் விளிம்பில் ஒரு மனு

பத்திரிகைக் காரியாலயத்தில் நீண்டகாலம் குப்பை கொட்டியவர்களுக்கு மனுக்கள் புதியவையல்ல. இடமாற்றத்தை இரத்துச் செய்யக் கோரும் மனு, நிலுவைச் சம்பளம் கேட்கும் மனு, ஓய்வூதியக் கோவை தொலைந்துபோனதாக முறையிடும் மனு என எத்தனையோ பிரதிகள் ஆசிரியபீடத்துக்கு வந்து சேரும். அமைச்சருக்கு அனுப்பியதன் பிரதி என்று மேல்மூலையில் எழுதப்பட்டிருக்கும். மூலப்பிரதியை அமைச்சர் வாசித்தாரா என்பதை நாம் ஒருபோதும் அறிந்ததில்லை. ஆயினும், வெள்ளி நாணயம் ஒன்றின் விளிம்பைச் சுற்றி, பூதக்கண்ணாடி இருந்தால்தான் சிரமமின்றி வாசிக்கக்கூடிய எழுத்துகளில் பொறித்து, நாட்டின் மன்னருக்கே சமர்ப்பிக்கப்பட்ட மனு என ஒன்றைத்தான் நான் அறிவேன்.

நாணயவியலாளர் அதனை ‘மனுக் கிரவுண்’ என்றே அழைக்கின்றனர். இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னரின் காலத்தில், 1663ஆம் ஆண்டு, தோமஸ் சைமன் என்ற செதுக்குநரின் கைவண்ணத்தில் உருவான மாதிரி நாணயம் அது. கிரவுண் என்பது ஐந்து ஷிலிங் பெறுமதியான பெரிய வெள்ளிக் குற்றி. நான்கு கிரவுண் சேர்ந்தால் ஒரு பவுண். ஒருபுறம் இலைமுடி சூடிய மன்னரின் முகம். அதன் கீழே ‘சைமன்’ என்ற கையொப்பம். மறுபுறம் நான்கு கேடயங்கள் சிலுவை வடிவில் அமைந்திருக்கும். நடுவே பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜோர்ஜ். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றின் சின்னங்களோடு பிரான்சின் சின்னமும் அங்கே உண்டு. பிரான்சுக்கும் தாமே மன்னர் என்ற உரிமைகோரலை ஆங்கில மன்னர்கள் 1801 வரை கைவிடவில்லை என்பது வேறு கதை.

முகப்பு, பின்புறம் இரண்டும் அழகானவை. எனினும், இந்த நாணயத்தின் உயிர் விளிம்பில் இருக்கிறது. சில மில்லிமீற்றர் தடிப்பே உள்ள அந்த விளிம்பில், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரிகளில், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட எழுத்துகள் சுற்றி ஓடுகின்றன. அவற்றின் பொருள் ஏறத்தாழ இது: தோமஸ் சைமன் மாட்சிமை தங்கிய மன்னரை மிகத் தாழ்மையுடன் வேண்டுவது யாதெனில், தனது இச்சோதனை நாணயத்தை ஒல்லாந்தரின் நாணயத்துடன் ஒப்பிட்டு நோக்கி, இது அதனிலும் உண்மையாக வரையப்பட்டும் புடைப்பிக்கப்பட்டும், அதனிலும் அழகுற ஒழுங்கமைக்கப்பட்டும், அதனிலும் நுட்பமாகச் செதுக்கப்பட்டும் இருக்குமாயின், தனக்கு நிவாரணம் அளித்தருள வேண்டும்.

நிவாரணம் என்ற சொல்லை இலங்கை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. சைமன் கேட்ட நிவாரணம் அரிசியும் பருப்பும் அல்ல. பறிபோன வேலையைத்தான் அவர் கேட்டார்.

அந்த வேலை எப்படிப் பறிபோனது என்பதை அறிய, அவர் யாருக்கெல்லாம் வேலை செய்தார் என்பதைப் பார்க்கவேண்டும். 1618ஆம் ஆண்டளவில் லண்டனில், பிரெஞ்சு மொழி பேசும் புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் எட்வேர்ட் கிரீனிடம் தொழில் பயின்றார். மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டு யுத்தம் மூண்டபோது நாணயச்சாலை அமைந்திருந்த லண்டன் கோட்டை பாராளுமன்றத்தின் பக்கம் இருந்தது. சைமனும் அப்பக்கமே இருந்தார். 1649 ஜனவரி 30இல் முதலாம் சார்ள்ஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டது. மன்னரின் உருவம் இல்லாத புதிய பேரிலச்சினை ஒன்று குடியரசுக்குத் தேவைப்பட்டது. ஒருபுறம் நாட்டின் வரைபடமும் மறுபுறம் பொதுமக்கள் சபையின் அமர்வும் காட்டி அதனைச் செதுக்கியவர் சைமன். ஒரு கட்டைவிரல் நகத்துள் அடங்கிவிடும் இடத்தில் பல அங்கத்தவரின் தலைகளை ஒவ்வொன்றாக வேறுபடுத்திக் காட்டும் திறமை அவருக்கு இருந்தது.

ஒலிவர் குரொம்வெல்லுக்கும் அவரை நன்கு பிடித்திருந்தது. 1650இல் டன்பார் போரில் கிடைத்த வெற்றியை நினைவுகூரும் பதக்கத்துக்காகக் குரொம்வெல்லின் முகத்தை வரைந்துவரப் பாராளுமன்றம் சைமனை எடின்பரோவுக்கு அனுப்பியது. தமது உருவத்தைப் பதக்கத்தில் இடவேண்டாம் என்று குரொம்வெல் அங்கிருந்து கடிதம் எழுதினார். அதே கடிதத்தில், இந்தச் செதுக்குநருக்கு நிக்கலஸ் பிரியோ முன்னர் வகித்த பதவியை வழங்குமாறு சிபாரிசும் செய்தார். முதல் வேண்டுகோளைப் பாராளுமன்றம் பொருட்படுத்தவில்லை. பதக்கத்தில் குரொம்வெல்லின் முகம் இடம்பெற்றது.

அதன்பின் 1656, 1658 ஆகிய ஆண்டுகள் பொறிக்கப்பட்ட குரொம்வெல் நாணயங்கள் வந்தன. பிரான்சிலிருந்து வந்த பியர் புளொண்டோ என்ற இயந்திர நிபுணர் அவற்றை அடித்தார். உருவங்களைச் செதுக்கியவர் சைமன். ரோமப் பேரரசனைப் போன்று இலைமுடி சூடியிருந்தாலும், அந்த முகத்தில் கிராமத்துக் கனவானின் தடித்த மூக்கும் களைப்பும் அப்படியே உள்ளன. 1658 கிரவுணை அடிக்கத் தொடங்கிய சிறிது காலத்திலேயே உருக்கு அச்சில் வெடிப்பு ஏற்பட்டது. அது குரொம்வெல்லின் கழுத்துக்குக் குறுக்காகக் கோடு கிழித்தாற்போல் நாணயங்களில் பதிந்திருக்கிறது. குரொம்வெல் அதே ஆண்டு செப்டெம்பரில் இறந்தார். 1661 ஜனவரி 30இல், முதலாம் சார்ள்ஸ் கொல்லப்பட்ட அதே நாளில், அவருடைய சடலம் தோண்டியெடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டு, தலை துண்டிக்கப்பட்டது. அச்சு வெடித்தது உருக்கின் குறைபாட்டினால் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த நாணயத்தைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் எவரும் அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் ஒருகணம் தயங்கத்தான் செய்வார்.

1660 மே மாதம் இரண்டாம் சார்ள்ஸ் நாடு திரும்பினார். ஆட்சி மாறினால் கதிரைகள் மாறும் என்பதை எமது நாட்டில் அரச உத்தியோகம் பார்த்தவர்களும் பத்திரிகைத் தொழில் பார்த்தவர்களும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தலைமைச் செதுக்குநர் பதவி தோமஸ் ரோலின்ஸ் என்பவருக்குத் திரும்பியது. மன்னர் பக்கம் நின்ற விசுவாசி அவர். 1644இல் ஒக்ஸ்போர்ட் நகரின் காட்சி பொறித்த புகழ்பெற்ற கிரவுணைச் செய்தவர். குரொம்வெல் காலத்தில் கடனாளியாகச் சிறையிலும் கிடந்தவர். அவருக்குப் பதவி கிடைத்தது நியாயமே. ஆனால் பதவி ஒருவருக்குப் போக, வேலை இன்னொருவரிடம் வந்தது. புதிய மன்னரின் முதல் நாணயங்களுக்கு அச்சுச் செதுக்கியவர் சைமன். 1661 முடிசூட்டுப் பதக்கமும் அவருடையதே. இலச்சினைச் செதுக்குநர் பதவியும் அவருக்குக் கிடைத்தது. மன்னரைக் கொன்றவர்களின் இலச்சினையைச் செதுக்கிய அதே கை, மகனின் இலச்சினையையும் செதுக்கிற்று. இதைச் சந்தர்ப்பவாதம் என்பாரும் உளர். உளியைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதனுக்கு வேறு வழி என்ன இருந்தது என்றே எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அவ்வேளையில்தான் அன்ட்வேர்ப் நகரிலிருந்து ரொட்டியே சகோதரர்கள் வந்தனர். ஜோன், ஜோசப், பிலிப் என்ற மூவர். அவர்களுடைய தந்தை பொற்கொல்லர். நாடிழந்து அலைந்த காலத்தில் சார்ள்ஸுக்குப் பணம் கடன் கொடுத்தவர். நாடும் முடியும் மீளக் கிடைத்தபோது மன்னர் அந்தக் கடனை மறக்கவில்லை. எல்லா மன்னர்களுக்கும் இந்தக் குணம் இருந்ததில்லை என்பதால் இதை அவருடைய நற்பண்பாகவே கொள்ளலாம்.

அக்காலத்து ஆங்கில நாணயங்கள் சுத்தியலால் அடிக்கப்பட்டவை. வட்டம் ஒழுங்காக இராது. ஓரத்தில் இருந்து வெள்ளியைச் சிறிது சிறிதாக வெட்டியெடுத்துவிட்டு முழுப் பெறுமதிக்கே மாற்றிவிடுவது பெரும் தொழிலாக நடந்தது. கழுத்தில் கயிறு விழும் குற்றம் என்றாலும் நின்றபாடில்லை. இதற்கு மருந்தாக இயந்திரத்தில் அடிக்கும் நாணயமும், வெட்டினால் உடனே தெரியும்படி விளிம்பில் எழுத்தும் தேவைப்பட்டன. விளிம்பில் எழுத்துப் பதிக்கும் முறை புளொண்டோவின் இரகசியம். புதிய கிரவுணின் விளிம்பில், ‘அணியும் அரணும்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடர் பொறிக்கப்பட்டது. அழகுக்கு அழகு, காவலுக்குக் காவல்.

எஞ்சியது மன்னரின் முகம். அதில் மன்னர் கொண்டிருந்த அக்கறையை ஜோன் ஈவ்லினின் நாட்குறிப்பு காட்டுகிறது. 1662 ஜனவரி 10ஆம் திகதி இரவு, புதிய நாணயத்துக்காகச் சாமுவேல் கூப்பர் என்ற ஓவியர் மன்னரின் முகத்தை வரைந்துகொண்டிருந்தார். முகத்தின் நிழல்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் துலக்கமாகத் தெரியும் என்பது ஓவியரின் கணக்கு. மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஈவ்லின். நாணயம் ஒன்றின் பின்னணியில் இப்படியொரு காட்சி எமக்குக் கிடைத்திருப்பது அபூர்வம்.

சைமனும் ஜோன் ரொட்டியேயும் அச்சுகளைச் செய்யப் பணிக்கப்பட்டனர். இருவருக்கும் இடையே கலைப் போட்டி முற்றி, எந்த இணக்கமும் ஏற்படவில்லை. 1662இல் வேலை ரொட்டியேயின் கைக்குப் போயிற்று. இதை வெறும் அரசியல் பழிவாங்கல் என்று எழுதிவிடுவது இலகு. பலர் அப்படித்தான் எழுதியிருக்கின்றனர். எனக்கு அது முழுமையாக உடன்பாடன்று. குரொம்வெல்லின் நாணயத்தை அடித்த புளொண்டோவை அதே மன்னர் தமது நாணயச்சாலையில் வைத்துக்கொண்டார். இயந்திரக்காரனுக்குக் கட்சி இல்லை. ஆனால் முகம் செதுக்குபவன் வேறு. மன்னர் நாணயத்தைப் பார்க்கும்போது தமது முகத்தைப் பார்க்கிறார். அதே கை முன்னர் யாருடைய முகத்தைச் செதுக்கிற்று என்பதை அவரால் மறந்திருக்க முடியுமா?

இதற்கிடையே, ‘ஒல்லாந்தர்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரொட்டியே சகோதரர் ஒல்லாந்தர் அல்லர். அன்ட்வேர்ப் அன்று ஸ்பானிய மன்னரின் ஆட்சியில் இருந்த கத்தோலிக்க நகரம். தாழ்நிலத்திலிருந்து வருவோர் எல்லாரையும் அந்தப் பெயரால் ஒதுக்கிவிடுவது லண்டன் வழக்கம். ஒல்லாந்தரோடு ஒரு போர் 1654இல் முடிந்து, அடுத்தது மூளவிருந்த நேரம் அது. அந்தச் சொல்லில் நஞ்சு இருந்தது. சைமன் அதைத் தெரிந்தே தெரிவுசெய்திருக்க வேண்டும். பிரெஞ்சு பேசும் வீட்டில் பிறந்த ஒருவர், வந்தேறி என்று மற்றவரைச் சுட்டுவதில் உள்ள நகைமுரண் அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

எமது தீவுக்கும் அந்த ஆண்டுகள் ஒல்லாந்தரின் ஆண்டுகளே. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறின. இதே சார்ள்ஸ் மன்னர் 1661இல் போர்த்துக்கல் இளவரசி கத்தரீனை மணக்கச் செய்துகொண்ட உடன்படிக்கையில், போர்த்துக்கேயர் இலங்கையை மீட்டால் காலித் துறைமுகம் ஆங்கிலேயருக்கு என்றொரு வாசகம் உண்டு. பம்பாய் கிடைத்தது, காலி கிடைக்கவில்லை. சைமன் தமது மனுவைச் செதுக்கிய வேளையில் றொபேர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். அங்கு புழங்கிய வெள்ளிக் காசைப் பற்றி அவர் எழுதியுள்ளது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. தூண்டில் முள்போல வளைத்த வெள்ளிக் கம்பி அது. மன்னரின் அனுமதியுடன் எவரும் செய்யலாம். விரும்பிய குறியை இடலாம். சந்தேகம் வந்தால் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவார்கள்; வெண்மையாக வந்தால்தான் செல்லும். மன்னரின் முகம் அதில் இல்லை. ஆகவே முகத்துக்காகச் சண்டையும் இல்லை.

சைமனிடம் திரும்புவோம். 1663இல் அவர் தமது சொந்த கிரவுணைச் செய்தார். நாணயத்தை வெட்டுவோரிடமிருந்து காக்கும் விளிம்பில், அரச வாசகத்துக்குப் பதிலாகத் தமது வேண்டுகோளை இட்டார். இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1661இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, இருபது பேருக்கு மேல் கையொப்பமிடும் மனுக்களுக்கும் கூட்டமாகச் சென்று மனுக் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு விதித்திருந்தது. உள்நாட்டு யுத்தத்துக்கு முன் மனுக்கள் செய்த வேலையை அரசு மறக்கவில்லை. சைமனின் மனுவில் ஒரே ஒரு கையொப்பம். ஆதாரமும் அதனுடனேயே இணைக்கப்பட்டிருந்தது. எமக்குத் தெரிந்த மனுக்களில், ‘எனது திறமையைப் பரிசீலிக்கவும்’ என்று எழுதிவிட்டுத் திறமையைக் காட்ட முடியாமற் போவதே வழமை. இவருடைய மனு எழுதப்பட்ட பொருளே அவருடைய திறமை.

அந்த மனுவை வாசிக்க, நாணயத்தைக் கையில் எடுத்து, இரு விரல்களுக்கிடையே பிடித்து, மெல்லச் சுழற்றவேண்டும். இரண்டு வரி என்பதால் இருமுறை சுழற்றவேண்டும். அவ்வளவு நேரம் அந்த வெள்ளி மன்னரின் கையில் இருக்கும் என்பதே செதுக்குநரின் நம்பிக்கை.

இதே அச்சுகளைக் கொண்டு வேறு விளிம்புடன் அடித்த நாணயங்களும் உண்டு. சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுக்கச் சொல்லும் வேதாகம வாசகம் இலத்தீனில் ஓடி, ‘பின்னர்’ என்ற சொல்லுடன் நின்று, அதையடுத்து முகிலைக் கிழித்து வெளிவரும் சூரியன் காணப்படும். புயலுக்குப் பின் வெயில் என்பது பொருள். வெயில் வரவில்லை. நாணயச்சாலை வேலை ரொட்டியேயிடமே இருந்தது. சைமன் இலச்சினைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பட்டினி கிடந்தார் என்று சொல்லமுடியாது. 1665 கோடையில் பெருங்கொள்ளைநோய் லண்டனைச் சூறையாடியபோது அவர் இறந்தார். அந்நோயே காரணம் என்பர். வயது நாற்பத்தேழு அளவில்.

அவருடைய சகோதரர் ஏபிரகாமும் மெழுகில் உருவம் சமைப்பதில் வல்லவர். அவரைப் பற்றி ஹொரேஸ் வால்போல் பதிவுசெய்த கதை ஒன்றுண்டு. மன்னர் தமது உருவத்துக்கு நூறு பொற்காசு கொடுத்தாராம். மன்னரின் தம்பி யோர்க் கோமகன் ஐம்பதுதான் கொடுக்க எண்ணியிருப்பதை அறிந்த ஏபிரகாம், செய்து முடித்த மெழுகுருவை இரு கைகளாலும் பிசைந்து உருக்குலைத்துவிட்டாராம். குடும்பத்தில் ஒருவராவது மனு எழுதாமல் இருந்தார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜோன் ரொட்டியேயின் கதையும் நல்லபடி முடியவில்லை. 1688இல் இன்னொரு முறை ஆட்சி மாறிற்று. பழைய மன்னரின் ஆள் என்ற சந்தேகம் அவரைத் தொடர்ந்தது. நாணயச்சாலையிலிருந்து அச்சுகள் களவுபோய்க் கள்ளக் காசு அடிப்போர் கையில் சேர்ந்த விவகாரம் வெடித்து, 1697இல் அவர் வெளியேற்றப்பட்டார். சைமனை வீழ்த்திய அதே காற்றுத்தான், திசை மாறி அடித்தது.

இனிச் சேகரிப்பாளருக்கு வருவோம். சைமனைக் கைவிடாதவர்கள் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் அவர்களைத்தான் சொல்லவேண்டும். அந்த வரலாறு அவர் உயிரோடிருக்கும்போதே தொடங்கிவிட்டது. 1663 மார்ச் 9ஆம் திகதி சாமுவேல் பீப்ஸ் தமது நாட்குறிப்பில் ஒரு பகற்போசனத்தை விவரிக்கிறார். நாணயச்சாலையின் ஸ்லிங்ஸ்பி புதிய நாணயங்களைக் கொண்டுவந்து, குரொம்வெல்லின் நாணயங்களுடன் அருகருகே வைத்துக் காட்டினார். ரொட்டியேயும் அதே மேசையில் இருந்தார். அவரை ஜேர்மானியர் என்று பீப்ஸ் நினைத்துக்கொண்டார். ஸ்லிங்ஸ்பி ரொட்டியேயைப் புகழ்ந்தார். பீப்ஸும் இனிமையில் ரொட்டியேயின் வேலையே மேல் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உருவ ஒற்றுமையில், மன்னரைவிடக் குரொம்வெல்லே அச்சொட்டாக இருக்கிறார் என்றும் எழுதினார். கூடவே ஒரு செய்தியையும் சேர்த்தார்: குரொம்வெல்லின் கிரவுண்கள் இப்போது ஒவ்வொன்றும் 25 ஷிலிங்குக்கும் 30 ஷிலிங்குக்கும் விலைபோகின்றனவாம்.

அந்த எண்ணிக்கையைச் சற்று நிறுத்தி வாசிக்கவேண்டும். ஐந்து ஷிலிங் நாணயம், ஐந்து ஆறு மடங்கு விலைக்கு. அதுவும் சடலமாகத் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் முகம் பொறித்த நாணயம். சைமன் மன்னரிடம் ஒப்பிட்டுப் பார்க்கக் கெஞ்சிய அதே ஆண்டில், சந்தையில் ஒப்பீடு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. மன்னர் கேட்காத தீர்ப்பைச் சேகரிப்பாளர்கள் எழுதிவிட்டனர். அதனால் செதுக்குநருக்கு ஒரு பென்னியும் கிடைக்கவில்லை என்பது வேறு விடயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நாணயப் பேழை வைத்திருப்பது கனவான்களின் கல்வியில் ஓர் அங்கமாயிற்று. அரச கழகத்தின் தலைவராயிருந்த மார்ட்டின் ஃபோக்ஸ் 1745இல் ஆங்கில வெள்ளி நாணயங்களின் அட்டவணையை வெளியிட்டார். ஜோர்ஜ் வேர்ட்யூ 1753இல் சைமனின் பதக்கங்கள், நாணயங்கள், இலச்சினைகள் அனைத்தையும் படங்களுடன் தனி நூலாகக் கொண்டுவந்தார். ஆங்கில நாணயச் செதுக்குநர் ஒருவருக்கு இப்படி நூல் வந்தது அன்று பெரிய விடயம். வேர்ட்யூ தாமே செப்புத்தகட்டுச் செதுக்குநர். ஒரு தொழிலாளி, இறந்து எண்பத்தெட்டு ஆண்டுகளான சக தொழிலாளிக்குச் செய்த மரியாதை அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 1780இல் அதற்கு மறுபதிப்பும் வந்தது.

சேகரிப்பாளருள் என்னைக் கவர்ந்தவர் வைத்தியர் வில்லியம் ஹண்டர். ஸ்கொட்லாந்தில் 1718இல் பிறந்து, லண்டனில் உடற்கூற்றியல் கற்பித்து, மகப்பேற்று மருத்துவத்தில் பெயர் பெற்று, சார்லட் அரசியாரின் வைத்தியரானவர். திருமணம் செய்யவில்லை. உழைத்த பணத்தைப் புத்தகங்களிலும் உடல்மாதிரிகளிலும் நாணயங்களிலும் கொட்டினார். நாணயங்களுக்கு மட்டுமே இருபதினாயிரம் பவுணுக்கு மேல் செலவிட்டார். பிரெஞ்சு மன்னரின் பேழைக்கு அடுத்தது இவருடையதே என்று அன்று பேசப்பட்டது. 1783இல் இறந்தபோது முழுவதையும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். 1807இல் திறக்கப்பட்ட ஹண்டேரியன் நூதனசாலை அதன் விளைவு. மனுக் கிரவுண் ஒன்று அங்கே இருக்கிறது. பிரித்தானிய நூதனசாலையிலும் உண்டு.

பின்வந்த காலத்தில் கனவான்களின் இடத்தைத் தொழில் பார்த்துப் பணம் சேர்த்தவர்கள் பிடித்தனர். சட்டத்தரணி ஹைமன் மொன்டேகு, அவருக்குப்பின் ஜோன் முர்டொக், லிவர்பூல் வணிகர் ரிச்சர்ட் லொக்கெட் போன்றோரின் பேழைகள் ஆங்கில நாணயவியலில் மரபுவழிப் பெயர்களாகிவிட்டன. ஒருவர் இறந்ததும் பேழை ஏலத்துக்கு வரும், அடுத்தவர் வாங்குவார், ஏல நிரலில் பழைய உரிமையாளரின் பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும். எமது ஊரில் காணி உறுதியில் தோம்பு முதல் பெயர்கள் வருவதைப் போன்றது இது. நல்ல பெயர்கள் நிரலில் இருந்தால் விலை ஏறும். நாணயம் போலியல்ல என்பதற்கும் அதுவே சாட்சி.

விளிம்பில் மனு பொறித்த வெள்ளிப் பிரதிகளாக இன்று அறியப்படுபவை இருபதுக்கும் குறைவு. அவற்றுட் சில நூதனசாலைகளில் நிலையாகத் தங்கிவிட்டதால், வாங்கக்கூடியவை மிகச் சிலவே. 2003ஆம் ஆண்டு லண்டன் ஸ்பிங்க் ஏலத்தில் ஸ்லேனி சேகரிப்பிலிருந்த மனுக் கிரவுண் ஓர் இலட்சம் பவுணைத் தாண்டியது. அதன்பின் வந்த விற்பனைகளில் அந்தத் தொகையும் சிறிதாகிவிட்டது. ரொட்டியேயின் சாதாரணக் கிரவுண்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னவரின் பக்கம் விலை சாய்ந்துவிட்டது. ஆனால் இதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. விலை உயர்ந்தது கலைக்காகவா, அரிதென்பதற்காகவா, அல்லது அந்தத் துயரக் கதைக்காகவா? ரொட்டியேயின் சார்ள்ஸ் அழகன். ரோமச் சக்கரவர்த்தி போன்றவன். சைமனின் சார்ள்ஸுக்கு முப்பத்துமூன்று வயது. நாடோடி வாழ்வின் தழும்புகள் வாயோரத்தில் தெரிகின்றன. அழகு தேடினால் முன்னதையும் மனிதனைத் தேடினால் பின்னதையும் எடுப்பேன். மன்னர் எதைத் தேடியிருப்பார் என்று கேட்கத் தேவையில்லை.

நூதனசாலைப் பேழைகளில் நாணயம் மல்லாந்து கிடக்கும். முகம் தெரியும்; விளிம்பு தெரியாது. தொட அனுமதிக்கப்பட்ட சிலர்தான் அதைச் சுழற்றி வாசிக்கமுடியும். மன்னருக்கு அடுத்தபடியாக அந்த மனுவை முழுமையாக வாசித்தவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களே.

2023ஆம் ஆண்டு, மூன்றாம் சார்ள்ஸ் முடிசூடிய அதே ஆண்டில், பிரித்தானிய அரச நாணயச்சாலை மனுக் கிரவுணின் வடிவமைப்பை மீளச் செய்து புதிய சேகரிப்பு நாணயங்களாக வெளியிட்டது. அவை வெளிவந்த வரிசையின் பெயர் ‘மாபெரும் செதுக்குநர்கள்’. சைமனை விலக்கிய அதே நாணயச்சாலைதான்; லண்டன் கோட்டையிலிருந்து இப்போது வேல்ஸ் நாட்டின் லான்ட்ரிசன்டுக்கு இடம்மாறியிருக்கிறது.